சுதந்திரப் பிரகடனமும் மனித உரிமைப் பிரகடனமும் ஒன்றுதானா?

கேள்வி (வாசகர் ஒருவர், பிப்ரவரி 6)

சுதந்திரப் பிரகடனம், மனித உரிமைப் பிரகடனம் என்று எதற்கு இரண்டு பெயர்? எல்லாமே "மனிதர் யாவரும் சமம்" என்றுதான் தொடங்குகின்றன. 1776 ஜூலை 4-ல் அமெரிக்காவில் 56 பேர் கையெழுத்திட்டுத் தொடங்கிவைத்தார்கள். மற்ற நாடுகள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டன. 1948-ல் ஐ.நா. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தாளில் போட்டது. அவ்வளவுதானே?

பிப்ரவரி 6, இரவு 10.15

அவ்வளவுதான் இல்லை.

நான் பல வருடம் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவன். வக்கீல் நோட்டீஸோ, கம்பெனி சுற்றறிக்கையோ, எந்தத் தாள் கைக்கு வந்தாலும் யார் யாருக்கு எழுதியது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். அது தெரியாமல் ஒற்றுப்பிழைகூடச் சரியாகத் திருத்த வராது. 1776-ம் ஆண்டுத் தாளையும் அப்படிப் பார்த்தால் அது மக்களுக்கு எழுதியதாகவே தெரியவில்லை. மனிதகுலத்தின் கருத்துக்கு மரியாதை கொடுத்து காரணங்களைச் சொல்கிறோம் என்று ஆரம்பிக்கிறார்கள். நடுநிலையான உலகத்தின் முன் உண்மைகளை வைக்கிறோம் என்கிறார்கள். உலகம் என்றால் அன்றைக்கு யார்? ஐரோப்பிய அரசவைகள்தான், குறிப்பாக பிரான்ஸ்.

1776 ஜூன் 7-ம் தேதி வர்ஜீனியா பிரதிநிதி ரிச்சர்ட் ஹென்றி லீ கொண்டுவந்த தீர்மானத்திலேயே மூன்று விஷயம் இருந்தது. பிரிட்டனிடமிருந்து விடுதலை, வெளிநாடுகளோடு கூட்டணி, தங்களுக்குள் ஒரு கூட்டமைப்பு. நடுவில் இருப்பதைப் பாருங்கள். ஒரு ராஜாவுக்கு எதிராகக் கலகம் செய்கிற குடிமக்களுக்கு இன்னொரு ராஜா வெளிப்படையாக உதவ மாட்டான். தனி நாடு என்று அறிவித்துவிட்டால் ஒப்பந்தம் போடலாம். போட்டார்கள், 1778 பிப்ரவரி 6-ல், பிரான்சோடு. (இன்றைய தேதி. இப்போதுதான் கவனிக்கிறேன்.)

"எல்லோரும் சமம்" என்பது அந்தக் கடிதத்தின் முன்னுரை. விஷயம் கீழே இருக்கிறது.

பிப்ரவரி 7, காலை

"அப்படியானால் உலகின் முதல் மனித உரிமைப் பிரகடனம் சைரஸ் உருளைதானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இது அடிக்கடி சுற்றி வருகிற கதை, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அது பீப்பாய் மாதிரி நடுவில் பருத்த களிமண் உருளை. ஒரு சாண் நீளம்தான். பாபிலோனில் 1879-ல் கிடைத்தது, இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. கி.மு. 539-ல் பாபிலோனைப் பிடித்த பாரசீக மன்னர் சைரஸ், மர்துக் தெய்வம் என்னைத் தேர்ந்தெடுத்தது, பழைய ராஜா சரியில்லாதவன், இடம் பெயர்த்த தெய்வச் சிலைகளை அவற்றின் கோயில்களுக்குத் திருப்பி அனுப்பினேன், அந்தந்த மக்களையும் ஊர் திரும்ப விட்டேன் என்று சொல்கிறார். நல்ல காரியம்தான். ஆனால் இதை எழுதிக் கட்டடத்தின் அடியில் புதைத்தார்கள். அந்தக் காலத்து வழக்கம் அது. படிக்கப் போகிறவர்கள் தெய்வமும், என்றைக்காவது அந்தச் சுவரை இடித்துக் கட்டப்போகிற பின்னால் வரும் ராஜாவும்தான். ஊர்ச் சனங்களுக்கு அதில் வேலையே இல்லை.

1971-ல் ஈரான் அரசு இதன் நகல் ஒன்றை ஐ.நா.வுக்குப் பரிசாகக் கொடுத்தது. அதிலிருந்துதான் "முதல் பிரகடனம்" என்ற பேச்சு ஊன்றியது. இணையத்தில் சுற்றுகிற "மொழிபெயர்ப்பு" ஒன்றில் சைரஸ் அடிமை முறையை ஒழித்தார், குறைந்தபட்சக் கூலியும் நிர்ணயித்தார் என்று இருக்கிறது. உருளையில் அப்படி ஒரு வரி கிடையாது. கூலி வரியைப் படித்தபோது சிரித்துவிட்டேன்.

பிப்ரவரி 8

என்னையே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. கேள்வியில் இருந்த "ஜூலை 4, 56 பேர்" என்பதை முதல் நாள் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டேன். மெய்ப்பாளனுக்கு அழகில்லை.

விடுதலைக்கு ஓட்டுப் போட்டது ஜூலை 2. பன்னிரண்டு காலனிகள் ஆதரவு, நியூயார்க் அன்று ஓட்டுப் போடவில்லை. மறுநாள் மாசசூசெட்ஸ் பிரதிநிதி ஜான் ஆடம்ஸ் தன் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், ஜூலை 2-ஐ வரும் தலைமுறைகள் ஆண்டுதோறும் திருவிழாவாகக் கொண்டாடும் என்று அடித்துச் சொன்னார். பாவம். ஜூலை 4 என்பது வாசகத்தை ஏற்றுக்கொண்ட நாள். அன்று ராத்திரி ஜான் டன்லப் அச்சகத்தில் சுமார் 200 பிரதி ஓட்டினார்கள். அதில் காலனிகளின் பிரதிநிதி சபையான காங்கிரஸின் தலைவர் ஹான்காக் பெயரும் செயலர் தாம்சன் பெயரும் மட்டும்தான், அதுவும் அச்செழுத்தில். நாம் படத்தில் பார்க்கிற கையெழுத்துகளில் பெரும்பாலானவை ஆகஸ்ட் 2-ம் தேதி தோல் சுருளில் போட்டவை. சிலர் அதற்கும் பிறகுதான் போட்டார்கள். பெயர்களோடு முதலில் அச்சானது 1777 ஜனவரியில், பால்டிமோரில். அச்சிட்டவர் ஒரு பெண், மேரி கேத்தரின் காடர்ட். கையெழுத்திட்டவர் பெயர்கள் வெளியே வருவதே தலைபோகிற காரியமாக இருந்த நேரத்தில் அவர் அடியில் தன் முழுப் பெயரையும் போட்டார். எங்கள் தொழில்காரி என்பதால் இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். பள்ளியில் படித்தபோது பேச்சுப் போட்டியில், "ஜூலை 4 அன்று 56 பேரும் வரிசையில் நின்று கையெழுத்திட்டனர்" என்று முழங்கினேன். வரிசை நான் சேர்த்துக்கொண்டது. முதல் பரிசு கொடுத்தார்கள், ஒரு அகராதி. நடுவர்களும் அதை நம்பியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 9, பிற்பகல்

கேள்வியில் "மனிதர் யாவரும் சமம்" என்று இருந்தது என்னை விடாமல் உறுத்துகிறது. அது தமிழ் செய்த உபகாரம்.

1776 வாசகத்தில் இருக்கும் சொல் "மென்". மனிதர் என்றும் படிக்கலாம், ஆண்கள் என்றும் படிக்கலாம். எழுதியவர்கள் எப்படிப் படித்தார்கள் என்பது யாருக்கு ஓட்டுரிமை கொடுத்தார்கள் என்பதிலேயே தெரிந்துவிடும். நாம் தமிழாக்கும்போது யோசிக்காமல் "மனிதர்" என்று போட்டுவிடுகிறோம். அந்தச் சந்தேகமே நம் பக்கத்தில் இல்லாமல் போய்விடுகிறது. அசலில் இருக்கும் கறை தமிழில் வெளுத்துவிடுகிறது.

இதே சொல்லுக்காக 1948-க்கு முன் ஐ.நா. மனித உரிமை ஆணையத்தில் சண்டை நடந்தது. முதல் பிரிவின் வரைவிலும் "ஆல் மென்" என்றுதான் இருந்தது. இந்தியாவின் பிரதிநிதி ஹன்சா மேத்தா, இப்படியே விட்டால் பல நாடுகளில் இதை ஆண்கள் என்றே படிப்பார்கள் என்று மறுத்தார். ஆணையத் தலைவர் எலினார் ரூஸ்வெல்ட் முதலில் அது எல்லோரையும் குறிக்கும் சொல்தான் என்று நினைத்தவர். கடைசியில் சொல் மாறியது. தமிழில் "மனிதப் பிறவியினர் சகலரும் சுதந்திரமாகவே பிறக்கின்றனர்" என்று இருப்பது மாறிய பிறகான வாசகம். தமிழில் மட்டும் படிக்கிறவருக்கு இங்கே ஒரு போராட்டம் நடந்த தடயமே தெரியாது.

ஆனால் அதே முதல் பிரிவின் கடைசியில் "சகோதர உணர்வு" அப்படியே உட்கார்ந்திருக்கிறது, ஆங்கிலத்திலும் தமிழிலும். முதல் சொல்லைத் திருத்தியவர்கள் கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் களைத்துப்போனார்கள் போல.

பிப்ரவரி 9, இரவு

"மனிதன் என்றால் ஆண்பால்தானே, தமிழ் மட்டும் என்ன யோக்கியம்" என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். சரிதான். "மனிதன் சுதந்திரமாகப் பிறந்தான்" என்று எழுதும்போது நமக்கும் உறுத்துவதில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

பிப்ரவரி 11

நேற்று ராத்திரி 1776-ன் குற்றப்பட்டியலை முழுதாக உரக்கப் படித்தேன். 27 என்று எண்ணுவது வழக்கம். முன்னுரையை மனப்பாடமாகச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் இதைப் படித்திருப்பார்கள்? ராஜா சட்டங்களுக்கு ஒப்புதல் தரவில்லை, சபைகளைக் கலைத்தார், நீதிபதிகளைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார், அமைதிக் காலத்திலும் படையைக் கொண்டுவந்து நிறுத்தினார், எங்கள் சம்மதம் இல்லாமல் வரி போட்டார். வரிக்குப் பட்டியலில் ஒரே ஒரு வரிதான்! பள்ளிப் பாடத்தில் அதுதான் முழுக் கதை.

தமிழாக்கிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். முதல் சொல்லிலேயே முட்டிக்கொண்டது. குற்றங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் "ஹி" என்று தொடங்குகின்றன. "அவர் ஒப்புதல் தர மறுத்தார்" என்று எழுதினால் ஆண்டறிக்கை வாசிப்பதுபோல் இருக்கிறது. "அவன்" என்று போட்டால் தெருச்சண்டை. பத்து வரி "அவர்", பத்து வரி "அவன்" என்று இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்துவிட்டு மூடிவைத்துவிட்டேன்.

பட்டியலின் முடிவுக்கு வாருங்கள். பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சனின் வரைவில் அடிமை வியாபாரத்தை ராஜாவின் தலையில் சுமத்தும் நீண்ட பத்தி ஒன்று இருந்தது. எழுதிய ஜெஃபர்சனே நூற்றுக்கணக்கான பேரை அடிமைகளாக வைத்திருந்தவர் என்பது தனிக் கதை. காங்கிரஸ் அந்தப் பத்தியை அடித்துவிட்டது. அடிக்காமல் விட்ட கடைசிக் குற்றச்சாட்டு, மண்ணின் பூர்வகுடிகளை "இரக்கமற்ற காட்டுமிராண்டிகள்" என்கிறது. மேலே சமத்துவம், அதே தாளின் கீழே இது. அதனால்தான் முன்னுரையை மட்டும் வெட்டி எடுத்து "மனித உரிமைப் பிரகடனம்" என்று சொல்வதில் எனக்குச் சங்கடம்.

உரிமைப் பட்டியல்தான் வேண்டுமென்றால் அதே ஆண்டு ஜூன் 12-ல் வர்ஜீனியா ஏற்றுக்கொண்டதைப் பாருங்கள். ஜார்ஜ் மேசன் எழுதியது. அது நிஜமாகவே உரிமைகளின் பட்டியல்.

பிப்ரவரி 12

ஹைத்தி, கரீபியனில் பிரான்சின் காலனியாக இருந்த நாடு. இதை எழுதாமல் இந்தப் பேச்சுக்கு அர்த்தமில்லை.

1804 ஜனவரி 1, கொனாயீவ் நகரம். அடிமைகளாக இருந்தவர்கள் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்து நாடு அறிவிக்கிறார்கள். தளபதி டெசலீன். எழுதியது அவருடைய செயலர் புவாரோன்-தொனேர். முகவரியைப் பாருங்கள்: "தலைமைத் தளபதியிடமிருந்து ஹைத்தி மக்களுக்கு". உலகத்துக்கு விளக்கம் சொல்கிற வேலையே இல்லை. பிரான்சை என்றென்றைக்கும் துறக்கிறோம் என்ற சத்தியம் மட்டும் "முழுப் பிரபஞ்சத்துக்கும், வரும் சந்ததிக்கும், நமக்கும்" செய்யப்படுகிறது. கடைசியில் தங்களையும் சேர்த்துக்கொண்ட அந்த இடம் எனக்குப் பிடிக்கும். இதில் "எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டார்கள்" என்ற வரி கிடையாது. அந்த வரியை எழுதியவர்களே அடிமைகளை வைத்திருந்ததைப் பார்த்தவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்?

அப்புறம் என்ன நடந்தது? அமெரிக்கா ஹைத்தியை அங்கீகரித்தது 1862-ல். பிரான்ஸ் 1825-ல் போர்க்கப்பல்களை அனுப்பி, தோட்டங்களையும் அடிமைகளையும் இழந்த முன்னாள் முதலாளிகளுக்கு 15 கோடி பிராங்க் நஷ்டஈடு கொடுத்தால்தான் அங்கீகாரம் என்றது. 1838-ல் மொத்தத்தை 9 கோடியாகக் குறைத்தார்கள். கட்டுவதற்கு பிரெஞ்சு வங்கிகளிடமே கடன். அந்தக் கடன்களின் கடைசி மிச்சம் தீர்ந்தது 1947-ல்.

விடுதலை பெற்றவன் தன்னை வைத்திருந்தவனுக்கு விலை கொடுக்கிறான். இதற்குத் தமிழில் ஒரு நல்ல வசவு தேடினேன், போதுமான அளவுக்குக் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 14

கொஞ்சம் தடம் மாறி, அச்சுக் கதைகள்.

1916 ஈஸ்டர் வாரம், டப்ளின். அயர்லாந்துப் பிரகடனத்தை லிபர்ட்டி ஹால் கட்டடத்தில் ரகசியமாக அச்சடித்தார்கள். எழுத்துகள் போதவில்லை. மேல் பாதியைக் கோத்து அடித்து, அதே ஈய எழுத்துகளைக் கலைத்து, கீழ்ப் பாதியைக் கோத்து அதே தாள்களில் மறுபடி ஓட்டினார்கள். ஆங்கிலப் பெரிய "ஈ" தீர்ந்துபோக, ஒரு "எஃப்" எழுத்தின் காலில் அரக்கு வைத்து "ஈ" ஆக்கினார்கள். 2,500 பிரதி திட்டம், முடிந்தது ஆயிரம்போல. கையெழுத்திட்ட ஏழு பேரையும் அடுத்த சில வாரங்களில் சுட்டுக் கொன்றார்கள். "அயர்லாந்து ஆண்களே, பெண்களே" என்று தொடங்குகிறது அது. 1916-ல் அப்படித் தொடங்கியது பெரிய விஷயம்.

இந்தோனேசியா இன்னும் சுவாரசியம். 1945 ஆகஸ்ட் 16 இரவு, ஜப்பானிய கடற்படைத் தளபதி மயேதாவின் வீட்டில் உட்கார்ந்து சுகர்ணோ கையால் எழுதினார். இரண்டே வாக்கியம். சுதந்திரத்தை அறிவிக்கிறோம், அதிகார மாற்றம் முதலான விஷயங்கள் ஒழுங்காகவும் கூடிய சீக்கிரமும் செய்யப்படும். இரண்டாவது வாக்கியத்தில் ஒரு "முதலான" வருகிறது! ஒரு தேசமே பிறக்கிற தாளில் "இத்தியாதி" போடுகிற தைரியம் யாருக்கு வரும். சயூத்தி மெலிக் அதைத் தட்டச்சு செய்தார். தேதி "17, மாதம் 8, ஆண்டு 05". ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் 2605. ஜப்பான் தோற்று இரண்டு நாள் ஆகிவிட்டது, தாளில் மட்டும் அவர்கள் நாள்காட்டி ஓடுகிறது. தட்டச்சு முடிந்ததும் கையெழுத்து வரைவு குப்பைக்குப் போனது. பி.எம். டியா என்ற பத்திரிகையாளர் அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அரசிடம் திருப்பிக் கொடுத்தது 1992-ல்.

முப்பது வருடத்தில் நான் குப்பையில் போட்ட கையெழுத்துப் பிரதிகளை இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 15, காலை

வியட்நாம். 1945 செப்டம்பர் 2, ஹனோய், பா தின் சதுக்கம். ஹோ சி மின் அமெரிக்க வரியோடு தொடங்குகிறார். அடுத்து பிரெஞ்சு உரிமைப் பிரகடனம். அதைக் குறிப்பிடும் இடத்தில் "1791" என்று இருக்கிறது. தப்பு. பிரெஞ்சுப் பிரகடனம் 1789 ஆகஸ்ட் 26. லட்சக்கணக்கானோர் முன் வாசித்த தாளில் ஆண்டுப் பிழை. ஒரு மெய்ப்பாளன் இருந்திருந்தால்!

பிப்ரவரி 15, மதியம்

காலைக் குறிப்பை வாபஸ் வாங்குகிறேன். 1789-ல் ஏற்ற அந்த 17 பிரிவுகளை 1791 செப்டம்பரில் பிரெஞ்சு அரசியல் சட்டத்தின் தலைப்பகுதியாக வைத்தார்கள். 1791 என்று சொல்வதற்கும் இடம் இருக்கிறது. எழுதியவர் பல வருடம் பிரான்சில் வாழ்ந்தவர். நான் சிவப்புப் பேனாவை எடுப்பதற்கு முன் இன்னொரு டீ குடித்திருக்கலாம்.

முக்கியமான விஷயம் அதுவும் இல்லை. அமெரிக்க வரியை மேற்கோள் காட்டிவிட்டு அவர் சொல்கிறார்: விரிந்த பொருளில் இதற்கு அர்த்தம், உலகின் எல்லா மக்களினங்களும் பிறப்பால் சமம், எல்லா மக்களினங்களுக்கும் வாழவும் மகிழவும் விடுதலையாக இருக்கவும் உரிமை உண்டு. தனி மனிதனைப் பற்றிய வாக்கியத்தை எடுத்துத் தேசத்தின் மேல் வைத்துவிட்டார். ஒரே வரியில். வியட்நாமிய மொழியிலும் "மென்" போய் "எல்லோரும்" என்றுதான் வந்திருக்கிறது. தமிழ் மாதிரியே.

அமெரிக்க வரியை எதற்கு எடுத்தார் என்பதிலும் முகவரி தெரிகிறது. பின்னால் அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்குக் கடிதங்களும் தந்திகளும் அனுப்பினார். பதில் வரவில்லை.

முதல் நாள் நான் "முன்னுரை" என்று ஒதுக்கியதை இங்கே ஒருவர் முழு வழக்காகவே மாற்றியிருக்கிறார். கேள்வி கேட்டவர் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். கொஞ்சம்தான்.

பிப்ரவரி 18

சாய்ந்தவனை நிமிர்த்துகிற உதாரணம்: ரொடீஷியா, ஆப்பிரிக்காவில் இருந்த பிரிட்டிஷ் காலனி.

1965 நவம்பர் 11. இயான் ஸ்மித் அரசு பிரிட்டனிடமிருந்து தன்னிச்சையாக விடுதலை அறிவிக்கிறது. சிறுபான்மை வெள்ளையர் ஆட்சி தொடர வேண்டும், பெரும்பான்மை ஆப்பிரிக்கர் கைக்கு அதிகாரம் போகக்கூடாது, அதுதான் நோக்கம். தாளின் நடை அப்படியே 1776. "மனித வரலாற்றின் போக்கில்" என்று அதே எடுப்பு. அதே மாதிரிக் குறைகள், அதே மாதிரி முடிவு. ஒன்றை மட்டும் காணோம். "எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டார்கள்" என்ற வரி. ஆளப்படுவோரின் சம்மதம் என்பதும் இல்லை. கடைசியில் "கடவுள் ராணியைக் காப்பாராக"! விலகிப் போகிறேன் என்ற கடிதத்தில் இப்படி ஒரு முடிப்பு.

ஹோ சி மின் அந்த வரியை எடுத்துக்கொண்டு மீதியை விட்டார். ஸ்மித் மீதியை எடுத்துக்கொண்டு அந்த வரியை விட்டார். சுதந்திரப் பிரகடனத்துக்கு மனித உரிமை வரி தேவையே இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

(எந்த நாடும் ரொடீஷியாவை முறையாக அங்கீகரிக்கவில்லை. 1980-ல் ஜிம்பாப்வே. அந்த வரி இல்லாததற்கும் அங்கீகாரம் கிடைக்காததற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.)

பிப்ரவரி 19

லைபீரியாவைக் கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாக: 1847 ஜூலை 26, அமெரிக்காவிலிருந்து போய்க் குடியேறிய கறுப்பினத்தவர் அறிவித்தது. "நாங்கள் முதலில் வட அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வசித்தவர்கள்" என்று சொல்லி, அங்கே மனிதருக்குரிய உரிமைகள் சட்டத்தால் எங்களுக்கு மறுக்கப்பட்டன என்று குறை சொல்கிறார்கள். பிரிகிற நாட்டின் மேல் குறை சொல்லாமல் வேறு நாட்டின் மேல் சொல்வது விசித்திரம். ஆனால் அந்த "நாங்கள்" என்பதில் ஏற்கனவே அந்த மண்ணில் இருந்த மக்கள் இல்லை. அவர்களுக்குக் குடியுரிமை 1904-ல்.

பிப்ரவரி 20

பெண்கள். இதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

1791-ல் பிரெஞ்சு எழுத்தாளர் ஒலிம்ப் தெ கூஜ், 1789 பிரெஞ்சுப் பிரகடனத்தில் ஆண்களுக்கு இருந்த 17 பிரிவுகளுக்கு ஈடாகப் பெண் உரிமைப் பிரகடனம் என்று 17 பிரிவு எழுதினார். பத்தாவது பிரிவு: தூக்குமேடை ஏறப் பெண்ணுக்கு உரிமை இருக்கிறது, அப்படியானால் பேச்சுமேடை ஏறவும் இருக்க வேண்டும். முகவரி? ராணி மரி அந்துவானெத்துக்கு. தப்பான காலத்தில் தப்பான முகவரி. 1793 அக்டோபர் 16-ல் ராணி கில்லட்டினில் இறந்தார். நவம்பர் 3-ல் எழுதியவரும் அதே கில்லட்டினில்.

1848 ஜூலை, நியூயார்க் மாநிலம் செனெகா ஃபால்ஸ், பெண் உரிமை மாநாடு. எலிசபெத் கேடி ஸ்டாண்டன் 1776 வாசகத்தையே எடுத்து இரண்டு சொல் சேர்த்தார்: "ஆண்களும் பெண்களும் சமமாகப் படைக்கப்பட்டனர்". குற்றப்பட்டியலில் ராஜா இருந்த இடத்தில் ஆண். அவளுக்கு ஓட்டுரிமை தரவில்லை, அவள் சம்பாத்தியத்தையும் எடுத்துக்கொண்டான் என்று போகிறது. 11-ம் தேதி நான் விட்டுவிட்ட தமிழாக்கத்தை இங்கே முயன்றேன். "அவன்" ஒரு தடங்கலும் இல்லாமல் உட்கார்ந்தது! இது ராஜாவைப் பற்றியது இல்லையே, வீட்டுக்குள் இருக்கிறவனைப் பற்றியது.

68 பெண்கள், 32 ஆண்கள் கையெழுத்திட்டார்கள். அடிமையாக இருந்து தப்பிவந்த ஃபிரெடரிக் டக்ளஸ் அதில் ஒருவர். பத்திரிகைகள் கேலி செய்ததும் சிலர் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் சார்லட் உட்வர்ட் ஒருவர்தான் 1920-ல் பெண்களுக்கு நாடு முழுதும் ஓட்டுரிமை வந்தபோது உயிரோடு இருந்தார். அசல் தாள் தொலைந்துபோனது, இன்றுவரை கிடைக்கவில்லை.

என் முதல் குறிப்பை இப்போது படித்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. "விஷயம் கீழே இருக்கிறது" என்று எழுதியிருக்கிறேன். இவர்களுக்கு விஷயம் மேலே இருந்த வரியில்தான் இருந்தது. அதோடு, ராஜாவின் மேல் எழுதிய குற்றப்பட்டியல் இப்படியும் பயன்படும் என்று 1776-ல் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

பிப்ரவரி 23

1948-க்கு வருகிறேன். "ஐ.நா. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தாளில் போட்டது" என்ற கடைசிப் பகுதி.

டிசம்பர் 10, பாரிஸ். 30 பிரிவுகள். ஆதரவு 48, எதிர்ப்பு 0, ஓட்டுப் போடாமல் ஒதுங்கியவர்கள் 8: சோவியத் ஒன்றியமும் அதன் பக்கத்து ஐந்து ஓட்டுகளும், சவூதி அரேபியா, தென்னாப்பிரிக்கா. அன்று ஐ.நா.வில் மொத்தம் 58 நாடு. ஆப்பிரிக்காவின் பெரும்பகுதிக்கு நாற்காலியே இல்லை, அவர்கள் இன்னொருவரின் காலனி. அந்தத் தாளில் ஒரு மக்களினம் தனி நாடாகலாம் என்ற வரி கிடையாது. தேடிப் பாருங்கள். நாட்டுரிமை உண்டு, புகலிடம் கேட்கும் உரிமை உண்டு, ஓய்வுக்கும் விடுமுறைக்கும்கூட உரிமை உண்டு. விடுதலை அறிவிக்கும் உரிமை இல்லை. காலனிகளை வைத்திருந்தவர்களும் சேர்ந்து எழுதினால் எப்படி இருக்கும்?

அது வந்தது 1960 டிசம்பர் 14-ல், புதிய நாடுகள் வந்து உட்கார்ந்த பிறகு. காலனிகளுக்கு விடுதலை வழங்குவது பற்றிய பிரகடனம், தீர்மான எண் 1514. ஆதரவு 89, எதிர்ப்பு 0, ஒதுங்கியவர்கள் 9. அந்த ஒன்பதில் பிரிட்டன், பிரான்ஸ், போர்ச்சுகல் இருப்பது ஆச்சரியமில்லை. அமெரிக்காவும் இருக்கிறது. 1776-ன் அமெரிக்கா.

பிறகு 1966-ல் இரண்டு மனித உரிமை உடன்படிக்கைகள். இரண்டிலும் முதல் பிரிவு ஒரே வாசகம்: எல்லா மக்களினங்களுக்கும் தங்கள் நிலையைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமை உண்டு. ஹோ சி மின் ஒரு வரியில் செய்த வேலையை இருபத்தொரு வருடம் கழித்து உலகம் சட்டமாக எழுதிக்கொண்டது.

ஆக, கேள்வி கேட்டவரே, இரண்டும் ஒன்று என்று நீங்கள் சொன்னது 1966-க்குப் பிறகு பாதி சரி. 1776-க்குப் பொருந்தாது, 1948-க்கும் பொருந்தாது. அந்தப் பாதியும் தானாக வரவில்லை, வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அடித்துச் சேர்த்தது.

பிப்ரவரி 24

இன்று எஸ்டோனியாவின் சுதந்திர நாள். 1918-ல் அறிக்கையை மக்கள் முன் முதலில் வாசித்தது பிப்ரவரி 23 மாலை, பார்னு நகரத்து நாடக அரங்கின் பால்கனியிலிருந்து. தலைநகரில் வெளியானது 24. கொண்டாடுவது 24. ஜான் ஆடம்ஸுக்குத் துணைக்கு ஒரு நாடு.

பிப்ரவரி 27

அசல் தாள்கள் எங்கே போகின்றன என்று ஒருவர் கேட்டிருந்தார். எனக்குப் பிடித்த கேள்வி, அதனால் கடைசிக்கு வைத்திருந்தேன்.

ஹைத்தியின் கையெழுத்து அசல் கிடைக்கவே இல்லை. 1804-ல் அரசு அச்சிட்ட பிரதிகூட நாட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. 2010-ல் ஜூலியா காஃபீல்டு என்ற ஆய்வு மாணவி லண்டனில், பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒன்றைக் கண்டெடுத்தார். ஜமைக்கா ஆளுநர் அன்றைக்கு மேலிடத்துக்கு அனுப்பிவைத்த காகிதங்களுக்கு நடுவே இருந்தது. எட்டுப் பக்கம். மக்களுக்கு என்று முகவரி போட்ட தாள், அடிமைத் தீவு ஒன்றின் ஆளுநர் கோப்பில் 200 வருடம் பத்திரமாக இருந்திருக்கிறது.

லித்துவேனியாவின் பிரகடனம் 1918 பிப்ரவரி 16. வில்னியஸில் 20 பேர் கையெழுத்திட்டது. அப்போது ஊர் ஜெர்மன் படையின் பிடியில். இரண்டாம் உலகப் போருக்குள் அசல் காணாமல் போனது. பல பேர் பல இடத்தில் தேடினார்கள். நூற்றாண்டு நெருங்கும்போது ஒரு நிறுவனம் பத்து லட்சம் யூரோ பரிசு அறிவித்தது. 2017 மார்ச் 29-ல் பேராசிரியர் லியுடாஸ் மாஜிலிஸ் பெர்லினுக்குப் போய், ஜெர்மன் வெளியுறவுத் துறையின் காப்பகத்தில் கோப்புகளைப் புரட்டினார். இருந்தது. கையால் எழுதி 20 பேரும் ஒப்பமிட்ட தாள், ஜெர்மன் மொழிப் பிரதியோடு.

எழுதிய இடத்தில் தேடியவர்களுக்குக் கிடைக்காதது, யாருக்கு அனுப்பினார்கள் என்று பார்த்தவருக்குக் கிடைத்தது. செனெகா ஃபால்ஸ் தாளும் "நடுநிலையான உலகத்துக்கு" என்று முகவரி போட்டதுதான். அதனால்தானோ என்னவோ, அதை எந்த அலமாரியில் தேடுவது என்று இன்னும் ஒருவருக்கும் தெரியவில்லை.